ஆண் பப்பாளிக்குத் தகப்பன் யார்?

பாகூர் பக்கம் பப்பாளியை நட்டு வளர்க்கிற வீடுகள் குறைவு. பழத்தை அரிந்து, விதையை வழித்துத் தோட்டத்தில் எறிவோம். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் அது தானே முளைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அப்படி எழும்பிய ஒன்று, முழ நீளக் காம்புகளில் கொத்துக்கொத்தாகப் பூத்துத் தொங்கியது. காய் மட்டும் இல்லை.

“ஆண் மரம்யா, வெட்டிப் போடு” என்றார் பக்கத்து வீட்டு ஆயா.

வெட்டுவதற்குமுன் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். நாங்கள் வழக்கமாக வாங்குவது வில்லியனூர் கடைப் பழம். தைவானில் உருவான ‘ரெட் லேடி’ ரகம். அதில் பெண் மரங்களும், ஒரே பூவில் இரு பாலும் உள்ள இருபால் மரங்களும் உண்டு. ஆண் மரம் கிடையாது.

மரபியல் இதற்குக் காரணம் சொல்கிறது. பெண் பப்பாளிக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஆணுக்கு எக்ஸும் ஒய்யும். இருபால் மரத்துக்கு எக்ஸோடு ஒய்யின் சற்றே மாறிய வடிவம். இரண்டு ஒய் சேர்ந்த கரு பிழைக்காது. ஆகவே இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே காய்த்தால், விதைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருபாலாகவும் ஒரு பங்கு பெண்ணாகவும் முளைக்கும். ஆண் கன்றுக்கு ஆண் மரம்தான் தகப்பனாக இருக்க முடியும்.

மறுபடி ஆயாவிடம் போனேன். அவர் வீட்டு நாட்டுப் பழத்தை நாங்களும் தின்றிருக்கிறோம். பின்தெருக் கிணற்றடியில் ஆண் மரம் ஒன்று நின்றதாம். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் மழையில் வேரடியில் தண்ணீர் தேங்கி அழுகிச் சாய்ந்துவிட்டது. பப்பாளி நிற்கிற தண்ணீரைத் தாங்காது. “அதுக்கப்புறம் என் மரத்துல பிஞ்சே நிக்கல, எல்லாம் கொட்டிப்போவுது” என்றார். காற்றும் அந்துப்பூச்சிகளும் அந்த மரத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்துதான் அவர் மரம் காய்த்திருக்கிறது. எங்கள் ஆண் கன்றுக்கும் அதுவே தகப்பன் என்று நம்புகிறேன்.

பப்பாளியின் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இருபால் மரத்தின் ஒய், ஆண் மரத்தின் ஒய்யிலிருந்து சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது என்கிறது. இருபால் மரத்தின் ஒய்க்கு மிக நெருங்கிய ஒய் உள்ள காட்டு ஆண் மரங்கள் கோஸ்டா ரிகாவின் பசிபிக் கரையோரம் நிற்கின்றன. துணையில்லாமல் காய்க்கும் மரத்தைக் கண்டு, அதன் விதையைப் போற்றி வைத்தவர்கள் மாயா காலத்து உழவர்களாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கடைப் பழம் அவர்கள் தேர்ந்த வழியில் வந்தது. எங்கள் தெருப் பப்பாளிகளோ அதற்கும் மூத்த வழியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குத் தெருவே ஒரு தோப்பு.

மரத்தை வெட்டவில்லை. ஆயாவும் இப்போது வெட்டச் சொல்வதில்லை. ஆண், பெண் தனித்தனியாக வரும் ரகங்களில் 20 பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் வேண்டும் என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். உங்கள் வீட்டில் தானாக முளைத்தது ஆணாக இருந்தால், அரிவாளை எடுக்குமுன் தெருவில் வேறோர் ஆண் மரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.