மறு ஆய்வில் ஒரு விடுதி

மன்னித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நடந்தது அதுவல்ல. ஒரு ராத்திரியில் என்னைத் தெருவில் நிறுத்திய விடுதி நிறுவனத்திடமே நான் மறுபடி போனதற்கு முதல் காரணம், தர வேண்டிய பணத்தை அவர்கள் பணமாகத் தராமல், தங்கள் செயலியிலேயே செலவழிக்கும்படி பாயிண்டுகளாகப் போட்டு வைத்திருந்தது. இரண்டாவது காரணம், திருவிழா வாரத்தில் மதுரையில் வேறெங்கும் அறை கிடைக்காதது. அளவான காசோடு ஊர் சுற்றுகிறவர்கள் 'இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன்' என்று சபதம் போட்டால், படுக்க வேறு இடம் இருக்காது.

நான் வங்கியின் ஆய்வுப் பிரிவில் இருந்தவள். கிளை கிளையாகப் போய்க் கணக்குப் பார்க்கிற வேலை. வெளியூரில் தங்கும் நாட்களுக்கு ஹால்டிங் அலவன்ஸ் உண்டு, ஆனால் அறை வாடகைக்கு உச்சவரம்பும் உண்டு. அந்த வரம்புக்குள் கிடைப்பவை பஸ் நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் சுற்றியிருக்கும் லாட்ஜுகள்தான். தனியாக வரும் பெண்ணுக்கு அறை தர அவர்களில் பலருக்குத் தயக்கம். "கூட ஜென்ட்ஸ் யாரும் வரலையாம்மா?" என்ற கேள்வியைக் கேட்காத ஊர் குறைவு. அலுவலகத்தில் கொடுக்க பில் கேட்டால், "பில் வேணும்னா டாக்ஸ் தனி." ஆயிரம் ரூபாய் வரையான அறைக்கு 2022 ஜூலை 18க்கு முன்னால் ஜி.எஸ்.டி.யே கிடையாது. அப்போதும் இதே பதில். பிறகு 12 சதவீதம் ஆயிற்று, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகியிருக்கிறது. பதில் மட்டும் மாறியதாகத் தெரியவில்லை.

அதனால் செயலி வழியாக மலிவு அறை தரும் நிறுவனங்கள் வந்தபோது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. எல்லா ஊரிலும் ஒரே பெயர். அச்சடித்த பில். பெண் பெயரில் ஒற்றை ஆளுக்கு முன்பதிவு செய்தால் துணைக்கு யார் என்று கேட்பாரில்லை.

ஒரே பெயர் என்பதற்குள் ஒரு வாக்குறுதி இருக்கிறது. அமெரிக்காவில் கெமன்ஸ் வில்சன் என்பவர் 1951இல் குடும்பத்தோடு காரில் சுற்றுலா போனார். வழியில் தங்கிய இடங்களில் பிள்ளைகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனியாகப் பணம் பிடுங்கினார்கள், சுத்தமும் போதவில்லை. அந்தக் கோபத்தில்தான் அடுத்த ஆண்டு மெம்பிஸ் நகரில் முதல் ஹாலிடே இன் திறந்தார். பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, எந்த ஊருக்குப் போனாலும் அறை ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் அவர் விற்ற சரக்கு. பெரும்பாலான கிளைகள் அவருடைய சொந்தக் கட்டடங்கள் அல்ல, பெயரை வாங்கி நடத்தியவர்கள் வேறு ஆட்கள். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வாளர் வருவார், தரம் குறைந்தால் பெயர்ப்பலகை போய்விடும். நம் ஊரில் 2004இல் டாடா குழுமத்தின் இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனம் பெங்களூரில் சிக்கன விடுதி ஒன்றைத் திறந்தது, பின்னாளில் ஜிஞ்சர் என்று பெயர் மாறிய தொடர் அது. அந்த யோசனைக்குத் துணை நின்றவர் கோயம்புத்தூரில் பிறந்த நிர்வாகவியல் அறிஞர் சி.கே. பிரகலாத். இந்த வகையில் கட்டடமே அந்த வேலைக்கென்று உருவாகிறது. பின்னால் வந்த செயலி நிறுவனங்களில் பலவற்றின் வழி வேறு. ஏற்கெனவே இருக்கிற லாட்ஜில் போர்டை மாட்டி, விரிப்பை மாற்றி, போட்டோ எடுத்து ஏற்றிவிடுவார்கள். ஆய்வாளர் வருகிறாரா என்பதுதான் கேள்வி.

நான் தெருவில் நின்ற அந்த ராத்திரி, திருநெல்வேலியில், அப்படி யாரும் வந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஜங்ஷன் பக்கம் முன்பதிவு செய்து, பணமும் கட்டி, இரவு பத்து மணிக்குமேல் போய் இறங்கினேன். வாசலில் நிறுவனத்தின் போர்டு வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த பையன் என் செல்போனைப் பார்க்கவே இல்லை. "இல்லக்கா, அந்தக் கம்பெனி கூட இப்பம் எங்களுக்குச் சோலி இல்ல. போர்டு மட்டும்தான் கெடக்கு" என்றான். காசு கொடுத்தால் அறை உண்டா என்றேன். இருக்கிறது, ஆனால் செயலியில் நான் கட்டியதைப்போல இரண்டு மடங்கு. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் இந்திக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு இரண்டு. இசை கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஊருக்கு வெளியே, பைபாஸ் பக்கம் ஒரு கட்டடத்துக்கு மாற்றினார்கள். ஆட்டோ செலவு என்னுடையது. அந்த அறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்தது, அது போய் விழவேண்டிய கொண்டி இல்லை. கதவுக்குப் பின்னால் நாற்காலியையும் பெட்டியையும் நகர்த்தி வைத்துவிட்டு விளக்கை அணைக்காமல் கிடந்தேன். காலையில் கிளைக்குப் போய், லாக்கர் சாவிப் பதிவேட்டைச் சரியாக எழுதவில்லை என்று மேனேஜரிடம் கேள்வி கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது.

புகார் எழுதினேன். மன்னிப்பு உடனே வந்தது, யாருக்கும் அனுப்பக்கூடிய மன்னிப்பு. பாயிண்டுகளும் வந்தன.

மேலிடத்தில் ஆய்வுத் தேதி குறிக்கிறவர்கள் அழகர் எந்த நாளில் ஆற்றில் இறங்குகிறார் என்று பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டாலும் அது செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது, வங்கி திறந்திருக்கும். சித்திரைத் திருவிழாவில் மதுரைக்குப் போகச் சொல்லி உத்தரவு. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு, மேலவெளி வீதி என்று தெரிந்த எல்லா லாட்ஜுக்கும் போன் போட்டுப் பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தது அந்த நிறுவனத்தின் கட்டடம் ஒன்று.

அப்போதுதான் தொழில் புத்தி வேலை செய்தது. ஒரு கிளையில் குறை கண்டுபிடித்தால் கிளையை மூடிவிடமாட்டோம். குறைகளைச் சரிசெய்தாயிற்றா என்று மறு ஆய்வில் பார்ப்போம். முதலில் பார்ப்பது முன்பு ஓட்டை இருந்த இடத்தைத்தான். சரி, இங்கே ஓட்டைகள் என்ன? முன்பதிவை ஏற்கிறார்களா, ராத்திரியில் பொறுப்பான ஆள் இருக்கிறாரா, கதவு பூட்டுகிறதா. மெத்தை எப்படி, டிவி ஓடுமா என்பதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை. அந்தக் கட்டடத்தின் தரைவழித் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன்.

எடுத்தவர் மேனேஜர். "உங்க புக்கிங் வந்திருக்கும்மா. ட்ரெயினா, பஸ்ஸா? பாண்டியன்ல வந்தீங்கன்னா விடியக்காலம் வந்திருவீங்க, கம்பெனி ரூல்படி பன்னெண்டு மணிக்குத்தான் ரூம். நா ஒண்ணு ஒழிச்சு வைக்கிறேன்" என்றார். தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டேன். ஒரு விநாடி பேச்சில்லை. பிறகு, "எல்லா ரூம்லயும் உள்ள ரெண்டு தாப்பா இருக்கும்மா" என்றார்.

இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை, காலை உணவு என்று சொன்னது எதிர்க்கடையிலிருந்து வாங்கிவந்த இட்லிப் பொட்டலம். எனக்கு அதெல்லாம் போதும். இரவு திரும்பும்போது வாசலில் ஆள் விழித்திருந்தார்.

கடைசி நாள் மேனேஜரிடம் நெல்லைக் கதையைச் சொன்னேன். அவர் அந்த நிறுவனத்துக்காக வாதாடவில்லை. கட்டடம் ஒருவருடையது, குத்தகை எடுத்தது இவர், பெயர் மட்டும் நிறுவனத்துடையது. வாடகையைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. கூட்டமில்லாத மாதங்களில் அது விலையைக் கீழே கீழே தள்ளும், அதில் கமிஷன் போக இவர் கைக்கு வருவது கரண்டுக்கும் துணி வெளுப்புக்கும் சரியாக இருக்கும். அந்த ராத்திரிகளில் அறையைக் கொடுப்பதைவிட 'இல்லை' என்று சொல்லி, நேரில் வருகிறவருக்குக் கொடுப்பதுதான் லாபம். இப்படித்தான் சில இடங்களில் சண்டை வந்து, கணக்கு முறிந்து, போர்டு மட்டும் நிற்கிறது. செயலியில் இருந்து பெயரை எடுக்க யாருக்கும் அவசரம் இல்லை. "நீங்க ஏன் அப்படிச் சொல்றதில்ல?" என்றேன். "திருவிழாவுக்கு வர்றவங்க அடுத்த வருஷமும் வருவாங்கள்லம்மா. அவங்க கம்பெனியவா தேடி வர்றாங்க, என்னையத் தேடித்தான வர்றாங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் விலையைப் பார்க்கிற விதம் மாறிவிட்டது. அதே தெருவில் சாதாரண லாட்ஜ் கேட்கிற வாடகையைவிடச் செயலியில் பாதி விலை காட்டினால் அதை அதிர்ஷ்டமாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த விலைக்கு அறையைத் தர அங்கே இருக்கிறவர் ஒப்புக்கொண்டாரா என்று சந்தேகப்படுவேன். முன்பணம் கட்டச் சொல்லும் சலுகையை விட்டுவிட்டு, அங்கே போய்க் கட்டும் வகையைத்தான் எடுப்பேன், ஐம்பது நூறு கூடுதலானாலும் சரி. போன் செய்து என் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேட்டுவிடுவேன். இன்னொன்றிலும் எச்சரிக்கையாக இருக்கிறேன்: ரிசப்ஷனில் ஆதாரைத் தங்கள் சொந்தப் போனில் படம் எடுக்கிறார்கள். கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதார், ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கிறது. நான் அதைத்தான் கொடுக்கிறேன். தயங்கினால் ஓட்டுநர் உரிமம்.

அந்த நிறுவனத்துக்கு நான் இன்னும் தேர்ச்சி போடவில்லை. மதுரைக் கட்டடத்துக்குப் போட்டேன், திருச்சியில் ஒன்றுக்கும். நெல்லையைப் பற்றிக் கேட்டால் பதில் வேறு. பெயரை மட்டும் வைத்து மொத்தமாக நம்பவும் முடியவில்லை, மொத்தமாக ஒதுக்கவும் முடியவில்லை.

தனியாக ஊருக்குப் போகும் பெண்களிடம் ஒரு வேண்டுகோள். கோபம் வந்தால் எல்லாரும் எழுதுகிறோம். நல்ல அறை கிடைத்தாலும் எழுதுங்கள். 'சூப்பர் ஸ்டே' என்று நட்சத்திரம் போட்டுவிட்டு நகர வேண்டாம். எந்தத் தெரு, எந்தக் கட்டடம், எந்த மாதம் தங்கினீர்கள், ராத்திரியில் ஆள் இருந்தாரா, தாழ்ப்பாள் விழுந்ததா என்று எழுதுங்கள். அடுத்து வருகிறவளுக்கு நிறுவனத்தின் பெயரைவிட அதுதான் உதவும்.