இக்மன் மலை மேடை

வகுப்புக்குக் காட்டவெனப் படங்கள் தேடுகையில் ஒரு நிழற்படம் என்னை நிறுத்திற்று. சரயேவோ நகரையடுத்த இக்மன் மலையிலே, புதர் மண்டிக் கிடக்கும் பனிச்சறுக்குத் தாவல் மேடை அது.

1984 பெப்ரவரியில் யூகோசிலாவியா நடத்திய குளிர்கால ஒலிம்பிக்குக்காக எழுப்பப்பட்டது. பொதுவுடைமை ஆட்சி நிலவிய நாடொன்றில் நிகழ்ந்த முதற் குளிர்கால ஒலிம்பிக் அதுவே. பின்லாந்து வீரர் மத்தி நிக்கனென் இங்கேதான் 90 மீற்றர்ப் போட்டியில் பொன் வென்றார். எட்டே ஆண்டுகளில், 1992இல், பொஸ்னியப் போர் மூண்டது. நடுவர் கோபுரத்தைக் குண்டுகள் துளைத்தன.

படத்தைக் கண்ட மாணவன் ஒருவன், "இதை உடைத்தவர்கள் எந்த நாட்டவர், சேர்?" என்றான்.

"கட்டிய நாட்டவரே" என்றேன். வகுப்பு மௌனமாயிற்று.

பகைமையை விதைத்தோர் எவர், அதன் விளைச்சலை உண்டோர் எவர், மாண்டோர் எவர் என்று வினவப் பழக்காத வரலாற்றுப் பாடம் வெறும் ஆண்டுப் பட்டியலே.