அந்நியம்

நம் விமர்சனத்தில் 'அந்நியமாதல்' என்ற சொல் புழங்கிப் புழங்கித் தேய்ந்துவிட்டது. உடம்புக்கு அது சொல் அல்ல, அன்றாட வேலை. என் தம்பிக்கு 2009ல் அம்மாவின் சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். அவனைச் சுமந்து பெற்ற உடம்பின் உறுப்பு. ஆனால் அவன் ரத்தத்திலுள்ள டி-செல்களுக்கு அது அந்நியம், அழிக்கப்பட வேண்டியது. தாய்மை பற்றி நாம் எழுதிக் குவித்த கவிதை எதுவும் அவற்றுக்கு எட்டியதில்லை.

1954ல் பாஸ்டனில் வெற்றி கண்ட முதல் சிறுநீரக மாற்று, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரிடையே நடந்தது. அதாவது ஒருவன் தன்னிடமிருந்தே பெற்றுக்கொண்ட மாதிரி. பிறரிடமிருந்து பெறுவதைப் பரவலாகச் சாத்தியமாக்கியது சைக்ளோஸ்போரின். 1969ல் நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில் அள்ளிய மண்ணிலிருந்த ஒரு பூஞ்சை தந்த பொருள் அது. பாஸல் நகரத்து சாண்டோஸ் ஆய்வுக்கூடத்தில் 1972ல் அதன் குணம் தெரியவந்தது. 1983ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நான் பாங்கில் கையெழுத்து ஒப்பிடுகிறவன். அது வேலை செய்யும் விதம் எனக்குச் சுலபமாகவே பிடிபட்டது. டி-செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி எதிரேயுள்ள திசுவின் அடையாளத்தைத் தொட்டுப் பார்க்கிறது. பொருந்தவில்லை. உடனே செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது. கால்சினியூரின் என்ற நொதி விழித்துக்கொள்கிறது. அது முடுக்கிவிடும் புரதம் உட்கருவுக்குள் போய், படையைப் பெருக்கும் உத்தரவுக்கு வழிசெய்கிறது. சைக்ளோஸ்போரின், செல்லிலேயே இருக்கும் சைக்ளோபிலின் என்ற புரதத்தோடு சேர்ந்து அந்த நொதியை அடைத்துவிடுகிறது. இதில் ஏற்பி குருடாவதில்லை என்பதுதான் முக்கியம். கையெழுத்து வேறு என்று கவுண்ட்டரில் தெரிந்தேயிருக்கிறது. உள்ளறைக்குத் தகவல் போவதில்லை, அவ்வளவே.

ஆகவே இதை ஏற்பு என்று சொல்ல முடியாது. பன்னிரண்டு மணிக்கொரு தரம் ஒத்திப்போடப்படும் மறுப்பு. மருந்து குறைந்தால் உடம்பு உறுப்பைத் தாக்கும். கூடினால், எந்தச் சிறுநீரகத்தைக் காக்க வந்ததோ அதையே அந்த மருந்து கெடுக்கும். அதனால்தான் காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுத்து அளக்கிறார்கள். அளவு சரியாக இருந்தும் தம்பிக்குக் கை லேசாக நடுங்குகிறது, ஈறு தடித்திருக்கிறது. சாதாரண ஜுரத்துக்கும் வீடே பயப்படுகிறது.

இணக்கம், ஒருமை என்று நாம் கட்டுரையை முடித்துவைக்கும் இடத்தில் உடம்பு எதையும் முடிப்பதில்லை. அம்மா போய் நான்கு வருஷமாகிறது. அவளுடைய சிறுநீரகம் அவனுக்குள் இன்னும் வேலை செய்கிறது. அவன் உடம்பும் அதை மறுக்க இன்னும் தயாராகத்தான் இருக்கிறது. இதையெல்லாம் நான் சொன்னபோது அவன் சிரித்தான். அவனுக்கு விஷயம் காலை எட்டு மணி, இரவு எட்டு மணி.