எமனுக்கு வேண்டிய இருட்டு

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் எங்கள் தோட்டத்தில் காமன் கம்பம் ஊன்றிவிடுவார்கள். பௌர்ணமியன்று காமனை எரிப்பார்கள். இடைப்பட்ட இரவுகளெல்லாம் கூத்துதான். தொடக்க நாட்களில் பிறை சற்று நேரம் தலைகாட்டிவிட்டு மலைக்குப் பின்னால் இறங்கிவிடும், அப்புறம் கும்மிருட்டு. நாளுக்கு நாள் நிலா பெருத்து, மதன் என்கிற அந்தக் காமன் எரிகிற இரவில் தேயிலை மலை முழுக்க வெளுத்துக் கிடக்கும். காமன் கூத்துக்கு வெளிச்சம் அமைத்தது யார் என்று யாராவது கேட்டால், முதல் பெயராக நான் நிலாவைத்தான் சொல்லுவேன்.

ஹட்டனுக்கு அப்பால், காசல்ரீ நீர்த்தேக்கம் கீழே தெரிகிற மலை எங்களுடையது. எழுபதுகளின் பிற்பகுதி. ஸ்டோருக்கு மின்சாரம் உண்டு, தொரை பங்களாவுக்கு உண்டு, தொழிலாளர் லயத்துக்குக் கிடையாது. காம்பராவுக்குக் காம்பரா குப்பிலாம்புதான். 1950இலேயே லக்ஷபானவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 1965இல் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் விமலசுரேந்திர மின் நிலையமும் வந்தது. எங்கள் காசல்ரீத் தண்ணீர்தான் அங்கே போய் மின்சாரமானது. அந்த மின்சாரம் பெரிய இரும்புக் கோபுரங்களில் ஏறி, எங்கள் தலைக்கு மேலாலேயே கொழும்புக்குப் போய்விடும். அந்தக் கம்பிகளுக்குக் கீழே மண்ணெண்ணெய் போத்தலோடு கடைக்கு ஓடிய பிள்ளைகள் நாங்கள்.

இரண்டு லயங்களுக்கு நடுவே காமன் பொட்டல். அங்கே இரண்டு மூன்று பந்தங்கள் எரியும். தடியில் பழைய சாக்கைச் சுற்றி மண்ணெண்ணெயில் தோய்த்த பந்தம். அதைப் பிடித்தவர் ஓரிடத்தில் நிற்க மாட்டார். ரதி ஆடிக்கொண்டே நகர்ந்தால் அவரும் பின்னங்காலால் நகர்வார். ரதி குனிந்தால் பந்தமும் தாழும். கூத்தில் பெயரில்லாத, வேஷமில்லாத ஆட்டக்காரர் அவர். எங்கள் மாமா ஒருவர் வருஷாவருஷம் அந்த வேலையைச் செய்தார். மதன், ரதி பாட்டு முழுக்க அவருக்கு மனப்பாடம், ஆனால் ஒருநாளும் வாயைத் திறந்து பாடியதில்லை. எந்த அடியில் யார் திரும்புவார்கள் என்பது அவர் மணிக்கட்டுக்குத் தெரியும்.

பந்த வெளிச்சம் கீழேயிருந்து மேலே அடிக்கும். முகத்தில் அப்பிய அரிதாரம் அதில் தோலாகிவிடும். கிரீடத்தில் ஒட்டிய ஜிகினா ஒரு கணம் எரிந்து, மறுகணம் அணையும். பகலில் கொழுந்து நிறுக்கிற அண்ணன்தான் ரதி என்று தெரிந்திருந்தும், அந்த நேரத்தில் எனக்கு அது நினைவுக்கே வராது. ஆட்டக்காரர்களைத் தவிர மற்றதெல்லாம் இருட்டு. கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கிற ஆச்சிமார் இருமுவது கேட்கும், ஆளைத் தெரியாது. எவ்வளவு தூரம் வெளிச்சம் போகிறதோ அவ்வளவுதான் பொட்டல். பந்தம் நகர்ந்தால் பொட்டலும் கூடவே நகரும்.

ஓரத்தில் இன்னொரு நெருப்பும் எரியும். அது தப்புக்காரர்களுடையது. மாசிப் பனியில் தப்பின் தோல் தொய்ந்துபோகும், சத்தம் மந்தமாகிவிடும். அதனால் அடிக்கடி அந்த நெருப்பில் காட்டிக் காய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். சருகை அள்ளிப் போட்டதும் குபீரென்று எழுகிற தீயில் பொட்டல் முழுக்க ஒருதரம் தெரிந்து மறையும். யார் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற ஊர்ச் செய்தி பல அந்த ஒரு நொடியில் பிறந்தவைதான்.

பிறகு பெட்ரோமெக்ஸ் வந்தது. ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றி, காற்றடித்து, மேண்டில் வெள்ளையாகப் பற்றும் வரை நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். அதுவே எங்களுக்கு ஒரு முன்கூத்து. அதைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டதும் ஆட்டத்தின் போக்கு மாறியது. வெளிச்சம் ஆட்டக்காரரைத் தேடிப் போன காலம் முடிந்து, அவர்கள் விளக்கடிக்கு வந்தாக வேண்டியதாயிற்று. மாமா கைவீசி உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தார். ஆனால் நிழல் என்று ஒன்று கிடைத்தது. ஒரே இடத்து விளக்கென்பதால், வீரபத்திரன் சுற்றிச் சுற்றி ஆடும்போது அவன் நிழல் லயத்துச் சுவரில் கூரை வரை எழுந்து ஓடும். முன்வரிசைப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம்.

கொஞ்ச வருஷத்தில் ஸ்டோரிலிருந்து வயர் இழுத்து டியூப்லைட் கட்ட அனுமதி கிடைத்தது. மின்சாரம் கடைசியில் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்ததில் ஊருக்கே பெருமை. அந்தப் பெருமை நியாயமானது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். கடைசி வரிசையில் இருந்த கிழவிகளுக்கு முதன்முறையாக ரதியின் முகம் தெரிந்தது. பிள்ளைகளின் சட்டையில் பொறி பறக்கும் என்ற பயம் போயிற்று. ஆனால் மதனின் மீசையைக் கட்டிய நூலும் தெரிந்தது. கிரீடம் அட்டையாயிற்று. அதைவிட, சனம் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்துவிட்டது. வாயசைத்துக் கூடவே பாடிய பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். ஆட்டக்காரர்களும் வட்டமாக ஆடுவதைக் குறைத்து, மைக் இருந்த பக்கமாக ஒரே வரிசையில் நின்றார்கள்.

அதிகம் அடிபட்டவர் எமன்தான். அவர் வரவேண்டியது தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து. கறுப்புத் துணி, கையில் இரண்டு பந்தம், எங்கிருந்தோ ஒரு கத்தல். முன்னெல்லாம் பிள்ளைகள் சிதறி அம்மாமார் படங்குக்குள் புகுந்துகொள்வோம். டியூப்லைட் வந்த வருஷம் அவர் கவ்வாத்து மலைப் படிக்கட்டில் கால் பார்த்து இறங்கி வருவது அரை நிமிஷத்துக்கு முன்பே தெரிந்தது. "எமன் மாமா, பாத்து வாங்க, வழுக்கும்" என்று ஒரு பெடியன் சொல்ல, பொட்டலே சிரித்தது.

மறுநாள் இரவு அவர் வர மறுத்தார். கூத்து மாஸ்டர் தப்பை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். செடிக்குள்ளிருந்து பதில் வந்தது: "லைட்ட அமத்துங்கடா, வாரேன்." அமத்தினார்கள். வந்தார். அன்றைக்குப் பிள்ளைகள் ஓடிய ஓட்டத்தில் இரண்டு செருப்பு காணாமல் போனது. உடனே ரதி வேஷக்காரர் தன் பங்குக்கு, தான் அழுகிற இடத்தில் லைட் வேண்டும், பின்னாலிருப்பவர்களும் பார்க்க வேண்டுமல்லவா என்றார். மதனை எரிக்கும்போது லைட் இருக்கக்கூடாது, நெருப்பும் நிலாவும் போதும் என்றார் மாஸ்டர். தூதன் வேஷக்காரருக்கு எது வந்தாலும் சரி.

சுவிட்சுக்கு ஆள் தேவைப்பட்டது. மாமாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாட்டு தெரிந்தவர் அவர்தானே. லயத்துத் தொங்கல் காம்பராத் திண்ணையில், சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தார். அங்கிருந்து பொட்டல் பாதிதான் தெரியும், காதால் கேட்டுத்தான் போட வேண்டும். முதல் இரண்டு நாள் கொஞ்சம் பிந்தினார். பொட்டலிலிருந்து மாஸ்டர் பாட்டின் நடுவிலேயே, ராகம் கெடாமல், "மச்சான், ரதிக்குப் போடுங்க" என்று இழுத்துப் பாடுவார். சனத்தில் பாதிப்பேர் அதையும் பாட்டின் அடி என்றே நினைத்து, அடுத்த வருஷம் கூடவே பாடினார்கள்.