தோலும் தூக்கமும்: எக்ஸீமாவோடு வளரும் நம் பிள்ளைகள்



இம்முறை பாடத்தைப் பற்றியோ பயிற்றியைப் பற்றியோ எழுதப்போவதில்லை. என் மகனுக்குப் பிறந்த நான்காம் மாதம் தொடங்கிய எக்ஸீமா எனும் தோல் அழற்சியோடு எங்கள் குடும்பம் ஒன்பது ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறது. இதை அறிந்த பெற்றோர் சிலர், பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, “டீச்சர், உங்க பையனுக்கு என்ன போடுறீங்க?” என்று கேட்பதுண்டு. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய செய்தியன்று இது. ஆகவே, நாங்கள் மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் வீட்டில் கடைப்பிடிப்பதையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். நான் மருத்துவர் அல்லள். ஒவ்வொரு பிள்ளையின் தோலும் வேறு என்பதால், மருந்தை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

தமிழில் தோல் நோய்களுக்குச் சொற்பஞ்சம் இல்லை. கரப்பான், சொறி, சிரங்கு, படை என்று பல உண்டு. எக்ஸீமாவுக்கு நெருக்கமான சொல் கரப்பான். ஆனால், பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் ‘சொறி சிரங்கு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். இதில்தான் பிள்ளைகளுக்குப் பெரிய தீங்கு நேர்கிறது.

சிரங்கு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைச் சிற்றுண்ணியால் வருவது. அது தொற்றும். வீட்டில் பலருக்கும் ஒரே காலத்தில், குறிப்பாக இரவில், அரிப்பு ஏற்பட்டால் அதனை ஐயுற வேண்டும். படை, பூஞ்சையால் வருவது. அதுவும் தொற்றும். எக்ஸீமாவோ எவருக்கும் தொற்றாது. கை பிடித்தாலும், ஒரே நாற்காலியில் அமர்ந்தாலும், ஒரே தட்டில் உண்டாலும் தொற்றாது. கைக்குழந்தைகளுக்குக் கன்னத்திலும், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து ஆகிய இடங்களிலும் இது அதிகம் தோன்றும். குடும்பத்தில் ஆஸ்துமாவோ ஒவ்வாமைச் சளியோ இருந்தால் பிள்ளைக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல். என் கணவருக்குச் சிறுவயதில் ஆஸ்துமா இருந்தது.

ஈரமான நாட்டில் வறண்ட தோல் ஏன்?

நம் நாட்டில் ஆண்டு முழுவதும் வெயில். காற்றின் ஈரப்பதமும் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். பிறகு ஏன் பிள்ளையின் தோல் வறண்டு வெடிக்கிறது என்று நானும் மருத்துவரிடம் கேட்டேன். அவர் ஒரு செங்கல் சுவரைக் காகிதத்தில் வரைந்து காட்டினார். நல்ல தோல் சாந்து பூசிய சுவர். எக்ஸீமா உள்ள தோல் சாந்து உதிர்ந்த சுவர். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறிவிடும். வெளியிலுள்ள தூசும் கிருமியும் உள்ளே நுழைந்துவிடும். தோலின் காப்பரணுக்குத் தேவையான ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாட்டுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 2006-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுவே காரணமன்று. எனினும், இது பெற்றோரின் கவனக்குறைவாலோ அழுக்காலோ வருவதன்று என்பதைத் தெளிவாக உணர்த்திய செய்தி அது.

நம் வானிலை இச்சுவரை மூன்று வழிகளில் சோதிக்கிறது. ஒன்று, வியர்வை. அது மடிப்புகளில் தங்கி உலரும்போது உப்பு எரிச்சலும் அரிப்பும் தருகிறது. இரண்டு, ஈரப்பதத்தில் செழிக்கும் தூசி உண்ணிகள். மெத்தையும் தலையணையும் பஞ்சு பொம்மையும் அவற்றின் இருப்பிடம். மூன்று, குளிர்சாதனம். வெயிலிலிருந்து வந்து இரவெல்லாம் குளிர்சாதன அறையில் படுத்தால் தோல் மேலும் உலர்கிறது. இவற்றோடு 2015, 2019-ஆம் ஆண்டுகளில் பள்ளிகளையே மூட வைத்த புகைமூட்டத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கள். அந்நாள்களில் மகனை வெளியில் விடாமல் வைத்திருந்தோம்.

குளியலும் ஈரக்காப்புக் களிம்பும்

எங்கள் வீட்டுச் சிகிச்சையின் முதுகெலும்பு இவ்விரண்டுதான்.

பள்ளி முடிந்து வீடு திரும்பியதும் முதல் வேலை குளியல். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீரோ குழாய் நீரோ போதும். ஐந்து முதல் பத்து நிமிடம். நுரை பொங்கும் வாசனைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகச் சவர்க்காரம் கலவாத, மணமற்ற கழுவு திரவம். உடலைத் தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்திற்குள் களிம்பைப் பூசிவிடுவோம்.

பலரும் அளவில்தான் சிக்கனம் பிடிக்கிறார்கள். உடல் முழுவதும் வறண்டிருக்கும் பிள்ளைக்கு வாரத்திற்கு 150 முதல் 250 கிராம் வரை தேவைப்படும். அரைக்கிலோ டப்பா இரண்டு, மூன்று வாரங்களில் தீர வேண்டும். ஆறு மாதமாக ஒரே டப்பா வீட்டில் இருக்கிறது என்றால், அது போதுமான அளவு பூசப்படவில்லை என்று பொருள். விலை உயர்ந்ததுதான் நல்லது என்பதில்லை. மணமற்றதாகவும் பிள்ளை முகம் சுளிக்காமல் பூசிக்கொள்வதாகவும் இருந்தால் போதும். டப்பாவில் விரலை விடாமல், கழுவிய கரண்டியால் எடுங்கள், கிருமி சேராது.

நம் வெப்பத்தில் பகலில் கெட்டியான களிம்பு பூசினால் பிள்ளைக்குப் புழுங்கும். ஆகவே, காலையில் இலேசான லோஷன், இரவில் கெட்டியான களிம்பு என்று பிரித்துக் கொண்டோம். இன்னொரு செய்தி. கிளினிக்குகளில் வழங்கப்படும் ‘அக்குவஸ் கிரீம்’ பலருக்கும் பழக்கமானது. அதில் சோடியம் லாரில் சல்பேட் கலந்திருந்தால், பூசி அப்படியே விட்டுவிடும்போது சில பிள்ளைகளின் தோலை அது எரிக்கக்கூடும் என்று பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013-ஆம் ஆண்டில் எச்சரித்தது. பிள்ளை “எரியுதும்மா” என்றால், அடம் பிடிக்கிறான் என்று எண்ணாமல், வேறு களிம்பை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஸ்டீராய்டு அச்சம்

‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லைக் கேட்டதும் நடுங்குகிறோம். சிவந்து தடித்த இடத்தில், மருத்துவர் சொன்ன வலிமையில், சொன்ன நாள்கள் மட்டும் பூசினால் அது பாதுகாப்பான மருந்து. பயந்து பயந்து கடுகளவு தொட்டு வைப்பதால் அழற்சி அடங்காமல் மாதக்கணக்கில் நீள்கிறது. அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். அது பெரியவரின் விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்திற்குப் போதும். அதற்கும் ஈரக்காப்புக் களிம்புக்கும் இடையே அரைமணி நேரம் விடுகிறோம்.

உண்மையில் அஞ்ச வேண்டியது, பெயர் தெரியாத ‘அதிசயக் களிம்பு’களுக்குத்தான். இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் “மூன்றே நாளில் மாயம்” என்று விற்கிறார்கள். இத்தகைய பொருள்களில் வலிய ஸ்டீராய்டு மறைத்துக் கலக்கப்பட்டிருந்ததை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து அறிவித்துள்ளது. மூன்று நாளில் மாயமாவதற்குக் காரணமே அதுதான். நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்தின் உறையில் ‘எம்.ஏ.எல்’ என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். அது இல்லாததைப் பிள்ளைக்கு மருந்தெனப் பூசாதீர்கள்.

பாட்டி வைத்தியமும் பத்தியமும்

என் மாமியார் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார். அன்பால் சொன்னது. ஆனால், வெடித்த தோலில் பச்சிலை அரைப்பு எரிச்சலைக் கூட்டும் என்று மருத்துவர் விளக்கினார். அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயை அவர் தடுக்கவில்லை. பிலிப்பீன்ஸில் 117 பிள்ளைகளிடம் எட்டு வாரம் நடத்தப்பெற்று 2014-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், சுத்தமான கன்னித் தேங்காய் எண்ணெய், கனிம எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. அன்று முதல் மாலையில் பேரனின் கால்களுக்கு எண்ணெய் தடவுவது பாட்டியின் பொறுப்பாயிற்று. ஒதுக்கப்பட்டோம் என்ற வருத்தம் அவருக்கும் இல்லை.

உணவிலும் இப்படித்தான். கத்திரிக்காய், கருவாடு, இறால், முட்டை, பால் என்று ஒவ்வொருவரும் ஒன்றை நிறுத்தச் சொல்வார்கள். எல்லாவற்றையும் நிறுத்தினால் வளரும் பிள்ளை எதை உண்பான்? குறிப்பிட்ட உணவை உண்டதும் தடிப்போ வாந்தியோ மூச்சுத் திணறலோ வந்தால், மருத்துவரிடம் சோதித்துப் பார்த்து அதை மட்டும் நிறுத்த வேண்டும்.

இரவு

எக்ஸீமாவின் உண்மையான கொடுமை இரவில்தான். எல்லாரும் உறங்கும் வேளையில் அரிப்பு விழித்துக் கொள்கிறது. விரிப்பில் இரத்தப் புள்ளிகள். பிள்ளையோடு தாயும் தந்தையும் முறைவைத்து விழித்திருக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுதல், தளர்ந்த பருத்தி உடை, மின்விசிறி, வாரம் ஒருமுறை சூடான நீரில் துவைத்த விரிப்பு ஆகியவை எங்களுக்கு உதவின. அரிப்பு தாளாதபோது ஈரத்துணியை ஐந்து நிமிடம் ஒற்றி வைத்து, மீண்டும் களிம்பு பூசுவோம்.

மஞ்சள் பொருக்கு, நீர்க்கசிவு, காய்ச்சல் தெரிந்தால் கிருமி தொற்றியிருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். வலியோடு சிறு சிறு கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பிக் காய்ச்சலும் சேர்ந்தால், விடியும் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆசிரியர்களுக்குச் சில சொற்கள்

என் மகன் முதலாம் ஆண்டில் பயின்றபோது (நான் பணிபுரியும் பள்ளியன்று), உடற்கல்வி வேளையில் வட்டமாக நிற்கச் சொன்னால், அவன் கையைப் பிடிக்க இரு புறமும் எவரும் முன்வரவில்லை. ஒரு பெற்றோர், தம் பிள்ளையின் இடத்தை மாற்றித்தரும்படி வகுப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறார். அன்றிரவு களிம்பு பூசும்போது அவன் என்னைக் கேட்டான்: “அம்மா, நான் தொட்டா தம்பிக்கும் வந்துடுமா?” சில நாள்களாகத் தம்பியைத் தூக்காமல் அவன் விலகி நின்றதன் காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. “வராது ஐயா” என்று சொல்லித் தம்பியை அவன் மடியிலேயே உட்கார வைத்தார் அவன் அப்பா.

அவனுடைய வகுப்பாசிரியை நீண்ட விளக்கம் ஏதும் தரவில்லை. மறுவாரம் வட்டம் கூடியபோது, தாமே சென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இது ஒட்டாது” என்று ஒரே ஒரு முறை சொன்னார். இரண்டு வாரத்தில் அந்த இடத்திற்குப் பிள்ளைகளே வந்துவிட்டனர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் குழந்தை உளவியல் படித்திருக்கிறேன். அந்த ஒரு செயல் கற்பித்ததை எந்தப் பாடமும் எனக்குக் கற்பிக்கவில்லை.

உங்கள் வகுப்பிலும் இத்தகைய பிள்ளை இருக்கலாம். அவனை வெயில் விழும் சன்னலோரம் அமர்த்தாமல் மின்விசிறிக்குக் கீழ் அமர்த்துங்கள். உடற்கல்வி முடிந்ததும் கைகால் கழுவி உடை மாற்ற ஐந்து நிமிடம் கொடுங்கள். விளையாட்டிலிருந்து விலக்காதீர்கள், வியர்வையைக் கழுவினால் போதும். கைத்தூய்மி எரித்தால் நீரில் கழுவ விடுங்கள். “சொறியாதே!” என்று வகுப்பின் முன் அதட்டுவதால் அரிப்பு நிற்காது. கரும்பலகையைத் துடைக்கவோ புத்தகங்களைப் பகிர்ந்தளிக்கவோ அழையுங்கள். கைக்கு வேலை வந்தால் சொறிவது தானாகக் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் மேசையில் தலைசாய்க்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவு செய்யுமுன், “நேற்றிரவு தூங்கினாயா?” என்று ஒருமுறை கேளுங்கள்.

பெற்றோர்களே, பள்ளி தொடங்கும் முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரைச் சந்தித்துச் சொல்லுங்கள். பையில் ஒரு சிறு குப்பி லோஷனும் மாற்று உடையும் வைத்தனுப்புங்கள். பல பிள்ளைகளுக்கு வயது ஏற ஏற இது தணிந்துவிடும். என் மகனுக்கு இன்னும் முழுமையாகத் தணியவில்லை. ஆனால், இப்போது பெரும்பாலான இரவுகளில் விடியும்வரை உறங்குகிறான். இரவுக் களிம்பைத் தானே பூசிக் கொள்கிறான். முதுகுக்கு மட்டும் என்னை அழைக்கிறான்.