காட்டுவழி நடப்போரின் முதலுதவிப் பை

மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுப் பாதைகளில் நடக்கச் செல்பவர் தம் முதலுதவிப் பையை நிரப்பும்போது, அந்தப் பாதையில் எது நேரக்கூடும், நேர்ந்தபின் மருத்துவரை அடைய எத்தனை மணி நேரம் ஆகும் என்ற இரண்டு கேள்விகளையே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். முதலுதவிப் பெட்டி விற்பனைப் பொருளாக உருப்பெற்றதற்கும் இந்தத் தொலைவே காரணம்; 1888-இல் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் அதனை உருவாக்கியது, மருத்துவர் எவரும் அருகில் இல்லாத வெளிகளில் இருப்புப்பாதை அமைத்த அமெரிக்கத் தொழிலாளர்களுக்காகத்தான். இன்று மருந்துக் கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் பெட்டிகளோ பெரும்பாலும் வீட்டுக்கும் வாகனத்துக்கும் உரியவை; சிறு பிளாஸ்திரிகள் அவற்றில் நிறைந்திருக்கும், மலையில் நடப்பவருக்கு வேண்டியவை குறைந்திருக்கும்.

நடப்பவரை முதலில் வருத்துவது பாதமே. காலணி உராயும் இடம் சிவந்து எரியத் தொடங்கிய உடனே காகித ஒட்டுநாடாவை அதன்மேல் ஒட்டிவிட்டால், பெரும்பாலும் கொப்புளம் எழுவதில்லை. மழைக்காலத்தில் அட்டைகள் ஏறும். அவற்றின் உமிழ்நீரில் குருதி உறைவதைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால் கடிவாயிலிருந்து நெடுநேரம் இரத்தம் கசியும் என்றாலும், நகத்தால் அட்டையை மெல்ல நெம்பி எடுத்துவிட்டு, கடிவாயைக் கழுவி, மடித்த காஸ் துணியால் அழுத்திப் பிடித்தால் அது நின்றுவிடும்.

வெயிலில் ஏறுபவருக்கும் வயிற்றுப்போக்கால் தளர்ந்தவருக்கும் உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கு ஈடான பொருள் அந்தப் பையில் வேறில்லை. சிறுகுடல் குளுக்கோசை உறிஞ்சும்போது சோடியத்தையும் உடன் இழுத்துக்கொள்கிறது, அவற்றைத் தொடர்ந்து நீரும் உடலுக்குள் செல்கிறது. இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டுதான், 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவி, சிரை வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் வாய்வழிக் கரைசலைக் கொடுத்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவு. குறைந்த நீரில் கரைத்தால் கரைசல் செறிவு மிகுந்து தீங்காகும் என்பதால், அளவு தெரிந்த புட்டி ஒன்றும் முதலுதவிப் பொருளாகவே கருதத்தக்கது.

காயங்களுக்கு வேண்டியவை சிலவே: அழுக்கை அடித்துக் கழுவ ஊசியில்லாத பெரிய சிரிஞ்சும் குடிநீரும், போவிடோன் அயோடின் களிம்பு, காஸ் துணி, கணுக்கால் பிசகினால் சுற்ற க்ரீப் பேண்டேஜ், கையைத் தொங்கவிட்டுக் கட்ட முக்கோணத் துணி.

பாம்புக்கடியை நினைத்தே பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தால் கயிறும் பிளேடும் பைக்குள் வந்து சேர்கின்றன. இறுகக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கேடே விளைவிக்கும். கடிபட்டவரை நடக்கவிடாமல், எலும்பு முறிந்த உறுப்பைத் தாங்குவதுபோலக் குச்சியும் துணியும் கொண்டு அந்த உறுப்பை அசையாமல் வைத்து, கடித்த நேரத்தைக் குறித்து, தூக்கிச் செல்வதே செய்யத்தக்கது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரான மருந்து, 1978-இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சைப் பெரிதும் சார்ந்து தயாரிக்கப்படுகிறது. ஆயினும் அதை ஏற்றும்போது சிலருக்கு உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஒவ்வாமை எழக்கூடும் என்பதால், அது மருத்துவமனையில் இருக்க வேண்டிய மருந்தே தவிர, பையில் இருக்க வேண்டியதன்று. கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சு குருதி உறைதலைக் குலைப்பதால், ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் கடிபட்டவருக்குத் தரத்தகாதவை. வலிக்குப் பாரசிட்டமால் போதும்.

மலைத்தேனீ கொட்டினால் கொடுக்கைத் தாமதமின்றி நீக்க வேண்டும். அரிப்புக்குச் செட்டிரிசின் உதவும். முன்பே கடும் ஒவ்வாமை கண்டவர், மருத்துவரின் சீட்டுடன் அட்ரினலினும், அதை ஊசியாகப் போடும் பயிற்சியும் பெற்ற பின்னரே புறப்பட வேண்டும். நீரிழிவு, ஆஸ்துமா, இரத்த அழுத்தம் உள்ளவர் அன்றாட மருந்தை இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துச் செல்வது நல்லது.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், நீர் புகாத உறையில் இட்டு, அவரவர் ஒவ்வாமையையும் உட்கொள்ளும் மருந்தையும் எழுதிய தாளுடன் பையின் மேலறையில் வைக்க வேண்டும். சுமப்பவரே மயங்கி விழக்கூடும் என்பதால், அது எந்த அறையில் இருக்கிறது என்பதை உடன் வருவோர் அனைவருக்கும் புறப்படும் முன்பே காட்டிவிடுதல் வேண்டும்.