குப்பத்தில் ஒரு கினிப் பன்றி

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரயில் ஜோலார்பேட்டையைத் தாண்டியதும் மேட்டில் ஏறத் தொடங்குகிறது. பச்சூர், மல்லானூர் என்று சின்னச் சின்ன நிலையங்கள் பின்னால் போகின்றன. குப்பம் வரும்போது ஜன்னல் வழியே வரும் காற்றில் சமவெளியின் புழுக்கம் இல்லை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 700 மீட்டரில் இருக்கிறது இந்த ஊர். ஆந்திரத்தின் தென்மேற்கு மூலை. ஒரு பக்கம் தமிழ்நாடு, மறுபக்கம் கர்நாடகம். சந்தையில் ஒரு கட்டு கொத்தமல்லி கேட்டால் கொத்திமீரா, கொத்தம்பரி, கொத்தமல்லி என்று மூன்று பெயரிலும் வியாபாரம் நடக்கும். திராவிட மொழிகளுக்கென்று ஒரு பல்கலைக்கழகத்தை 1997இல் இங்கே தொடங்கியதில் ஆச்சரியமில்லை.

இன்னொரு விதத்திலும் குப்பம் பிரசித்தம். 1989 முதல் சந்திரபாபு நாயுடுவின் தொகுதி இது. அவர் முதலமைச்சரான பிறகு புதிதாக எது தோன்றினாலும் முதலில் இங்கே செய்து பார்ப்பது வழக்கமாயிற்று. 1990களின் பிற்பகுதியில் இஸ்ரேல் முறைச் சொட்டு நீர்ப் பாசனம் வந்தது. 2002இல் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் கம்ப்யூட்டர்களோடு கிராமங்களுக்குள் நுழைந்தது. இப்படிப்பட்ட ஊரைத் தமிழில் 'சோதனை எலி' என்பார்கள். ஆங்கிலத்தில் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பது கினிப் பன்றி.

அது பன்றி அல்ல. ஆப்பிரிக்காவின் கினியிலிருந்து வந்ததும் அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைவாசிகள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வீட்டில் வளர்க்கத் தொடங்கிய, வாலில்லாத, ஏறக்குறைய ஒரு கிலோ தேறும் கொறிக்கும் பிராணி. அங்கே அதன் பெயர் கூய். பெரும்பாலும் சாப்பிடத்தான் வளர்த்தார்கள். பெருவின் கூஸ்கோ நகரத் தேவாலயத்தில் உள்ள கடைசி விருந்து ஓவியத்தில் ஏசுவின் முன்னால் தட்டில் கிடப்பது கூய்தான் என்று அவ்வூர்க்காரர்கள் காட்டுவார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்த பிறகு அது சீமாட்டிகளின் மடியில் ஏறியது. பிறகு விஞ்ஞானிகளின் மேஜையிலும் ஏறியது.

சித்தூர்ச் சீமைக்கு இந்த மேஜைக் கதையில் கொஞ்சம் பங்கு உண்டு. மதனப்பள்ளி அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த மிஷனரி டாக்டர் கிறிஸ்டியன் பிரிமோட் மோலர் 1912இல் அங்கே ஒரு காச நோய் சானடோரியத்தைத் தொடங்கினார். 1915இல் அது ஆரோக்கியவரம் என்ற இடத்துக்கு மாறியது. நல்ல காற்றும் ஓய்வும்தான் அன்றைக்குத் தெரிந்த மருந்து. மேட்டு நிலத்தைத் தேடி அவர்கள் வந்ததற்கு அதுதான் காரணம். 1948இல் இந்தியாவின் முதல் பிசிஜி ஊசி மதனப்பள்ளியில்தான் போடப்பட்டது. அதே ஆண்டு கிண்டியில் பிசிஜி தயாரிக்கும் கூடம் வந்தது.

காச நோய் ஆராய்ச்சி என்றாலே கினிப் பன்றிதான். 1882இல் ராபர்ட் கோக் காசக் கிருமியைக் கண்டுபிடித்ததை நிரூபித்தது இதன் உடம்பில். சளியில் கிருமி இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் கினிப் பன்றிக்கு ஊசி போட்டுவிட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து, அறுத்துப் பார்ப்பார்கள். சென்னையில் 1956இல் தொடங்கிய காச நோய் சிகிச்சை ஆய்வு மையத்தின் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளையும் இப்படித்தான் பரிசோதித்தார்கள். பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமி கினிப் பன்றியை வதைத்த அளவுக்குத் தென்னிந்தியக் கிருமிகளில் பல வதைக்கவில்லை என்ற விசித்திரமான முடிவு 1960களின் தொடக்கத்தில் வெளியானது. நம்மவர்களின் நுரையீரலை அரித்த கிருமி ஒரு சின்னப் பிராணியிடம் மட்டும் கொஞ்சம் தயவு காட்டியது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அதே பிராணி குழந்தைகளின் பிறந்த நாள் பரிசு. பெங்களூர், சென்னை செல்லப் பிராணிக் கடைகளில் முயலுக்குப் பக்கத்துக் கூண்டில் இருக்கும். குப்பத்திலிருந்து பெங்களூர் ரயிலில் சுமார் 100 கிலோமீட்டர்தான். காலையில் போய் மாலையில் ஒரு அட்டைப் பெட்டியோடு திரும்பிவிடலாம். சிக்கல் அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான். ஐந்து முதல் எட்டு ஆண்டு வரை வாழக்கூடிய பிராணி, விவரம் தெரியாத வீட்டில் ஒன்றிரண்டு மாதத்தில் செத்துப்போகும். "என்னவோ தெரியவில்லை, திடீரென்று போய்விட்டது" என்பார்கள். அநேகமாக அது திடீரென்று போவதில்லை.

முதல் தவறு அதை முயலின் தம்பி என்று நினைப்பது. முயல் தன் உடம்பிலேயே சி வைட்டமினைத் தயாரித்துக்கொள்ளும். கினிப் பன்றிக்கு அந்தத் திறமை இல்லை. நமக்கும் இல்லை. 1907இல் நார்வேயின் ஹோல்ஸ்டும் பிரோலிச்சும் வேறொரு நோயை ஆராயப்போய், தானியம் மட்டும் தின்ற கினிப் பன்றிகளுக்கு மாலுமிகளின் பழைய வியாதியான ஸ்கர்வி வருவதைக் கண்டார்கள். குன்னூரில் பாஸ்டர் நிலையத்தின் ஒரு அறையில் 1918இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சியைத் தொடங்கிய ராபர்ட் மெக்காரிசனும் இதே ஸ்கர்வியைக் கினிப் பன்றிகளில் ஆராய்ந்தார். அந்த அறைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

ஆக, முயலுக்கு விற்கும் தீவனத்தை மட்டும் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் ரோமம் சிலிர்த்துக்கொள்ளும். மூட்டு வீங்கும். நடக்க மறுத்து மூலையில் உட்காரும். ஈறில் ரத்தம் கசியும். தொட்டால் வலியில் கத்தும். குழந்தை இதை 'சமத்தாக உட்கார்ந்திருக்கிறது' என்று நினைத்துக்கொள்ளும்.

வைத்தியம் சந்தையில் இருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் சி வைட்டமின் போதும். மேற்படி நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணைப்படி 100 கிராம் கொத்தமல்லியில் 135 மில்லிகிராம் இருக்கிறது. குடைமிளகாயிலும் ஏறக்குறைய அவ்வளவே. கொய்யாவில் 212, நெல்லிக்காயில் 600. ஒரு கைப்பிடி கொத்தமல்லி, ஒரு துண்டு குடைமிளகாய் போதும், கதை முடிந்தது. கொய்யா இனிப்பு, எப்போதாவது ஒரு கீற்று. முருங்கைக் கீரையில் 220 இருக்கிறதே என்று தினமும் போடக் கூடாது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சிறுநீர்ப் பையில் கல்லாக உட்காரும். சி வைட்டமின் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வைப்பதும் வீண். சீக்கிரமே வீரியம் போய்விடும்.

கீரை துணை உணவுதான். முக்கிய உணவு புல். கினிப் பன்றியின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நாரை மென்று மென்று தேய்க்காவிட்டால் பல் கோணி, வாயை மூட முடியாமல் பட்டினி கிடந்து சாகும். வெளிநாட்டுப் புத்தகங்கள் 'டிமோதி' என்ற உலர்புல்லைச் சொல்கின்றன. அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. குப்பத்தைச் சுற்றிக் களி தின்னும் ஊர்கள். கேழ்வரகு விளைகிற இடத்தில் அதன் தாளும் இருக்கும். நெல் வைக்கோலைவிட அது சத்தானது. பூஞ்சணம் பிடிக்காததாகப் பார்த்து, இரவும் பகலும் தீராமல் கிடக்கும்படி போட வேண்டும். அருகம்புல் கிடைத்தால் இன்னும் நல்லது.

இலை விஷயத்தில் இந்த ஊருக்கு ஒரு அதிர்ஷ்டம். குப்பம், பலமனேர் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பு அதிகம். மல்பெரி இலையைக் கினிப் பன்றி ஆசையாகத் தின்னும். அதைவிட முக்கியம், புழுவுக்கு வெட்டும் இலையில் பூச்சி மருந்தின் வாடை இருந்தால் முதலில் சாவது பட்டுப்புழு. எனவே மருந்தடித்தால் நாள் கணக்குப் பார்த்த பிறகே விவசாயி இலையைப் பறிப்பார். சந்தைக் கீரைக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. இரண்டு மூன்று தடவை அலசித்தான் போட வேண்டும்.

இதே வயல்களில் ஆபத்தும் விளைகிறது. தக்காளிப் பழம் ஒரு துண்டு கொடுக்கலாம்; செடி, இலை, காம்பு விஷம். உருளைக்கிழங்குச் செடியும் அப்படியே. இன்னொன்று, இந்தப் பக்கத்தின் பெருமையான நிலக்கடலை. ஈரத்தில் கிடந்த கடலையிலும் பிண்ணாக்கிலும் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். மாடு ஓரளவு தாங்கும். கினிப் பன்றியின் ஈரல் தாங்காது. மாட்டுக்கு வாங்கிய பிண்ணாக்கில் கொஞ்சம் இதற்கும் என்ற சிக்கனம் இங்கே உதவாது. (பக்கத்துக் கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் 1980களில் தமிழ்நாட்டுக் காடுகளிலிருந்து வந்து குடியேறியவை. அவையும் பச்சையைத் தின்னும் பிராணிதான். ஆனால் அவற்றுக்கு யாரும் அளந்து வைப்பதில்லை. வயலில் இறங்கித் தாமே எடுத்துக்கொள்கின்றன.)

அடுத்தது குடும்பக் கட்டுப்பாடு. தனியாக வளர்த்தால் ஏங்கும் பிராணி இது, ஜோடி வேண்டும். கடைக்காரர் ஆணும் பெண்ணுமாகக் கொடுப்பார். பெண் நாலாறு வாரத்திலேயே கருத்தரிக்கத் தயார். கர்ப்பம் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். குட்டிகள் ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறந்து, மறுநாளே புல் கடிக்கும். பார்க்க அழகுதான். ஆனால் ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினையாகிவிடலாம். முதல் பிரசவம் ஏழெட்டு மாத வயதுக்கு மேல் தள்ளிப்போனால் இடுப்பு எலும்பு இறுகி, குட்டி வெளியே வர முடியாமல் தாயே சாகக்கூடும். இரண்டு பெண்களாக வாங்குவது புத்திசாலித்தனம். வாங்கும்போதே ஒன்று சினையாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது.

இனி, வீட்டு அலமாரியில் இருக்கும் எமன். குழந்தைக்கு ஜுரம் வந்தபோது வாங்கிய அமாக்சிசிலின் சிரப்பில் பாதி மிஞ்சியிருக்கும். கினிப் பன்றி தும்மினால் அதில் இரண்டு சொட்டு விடத் தோன்றும். கூடாது. பென்சிலின் வகை மருந்துகள் இதன் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று, சில நாளில் பிராணியையும் கொன்றுவிடும். 1940இல் ஆக்ஸ்போர்டில் புளோரி பென்சிலினை முதலில் சோதித்தது சுண்டெலிகளில். கினிப் பன்றிகளில் சோதித்திருந்தால், இது விஷம் என்று அந்த மருந்தையே மூட்டை கட்டியிருப்பார்களோ என்று மருத்துவர்கள் பிறகு பேசிக்கொண்டார்கள். உலகத்துக்கே சோதனைப் பிராணியான ஒன்று, மிகப் பெரிய சோதனையில் ஆளில்லாமல் போனது நல்லதாயிற்று.

குப்பத்தின் குளுமை இந்தப் பிராணிக்குப் பிடிக்கும். 18 முதல் 24 டிகிரி வரை சுகம். 30ஐத் தாண்டினால் அவஸ்தை. திருப்பதியின் கோடையோடு ஒப்பிட்டால் குப்பம் சொர்க்கம். ஆனால் இங்கும் ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரைக்கடியில் கூண்டு வைத்தால் ஒரு மதியம் போதும், கதை முடிய. மே மாதம் கங்கம்மா ஜாத்திரையும் வரும். மேளமும் வெடியும் கேட்டால் கினிப் பன்றி பயத்தில் உறைந்து நின்றுவிடும். அந்த நாட்களில் உள் அறையில், தரையில், ஈரத் துணி போர்த்திய மண் பானைக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஒளிந்துகொள்ள ஒரு கவிழ்த்த அட்டைப் பெட்டி வேண்டும். கம்பித் தரை கூடாது, பாதம் புண்ணாகும். பூனைக்கு எட்டாத உயரமோ, உறுதியான மூடியோ அவசியம். மற்றபடி பராமரிப்பு சுலபம். பழகிவிட்டால் காய்கறிப் பை சலசலக்கும் சத்தத்துக்கே 'வீக், வீக்' என்று விசிலடிக்கும். சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலேயே துள்ளும்.

நோய் என்று வந்தால் சிக்கல். ஊர்ப் பக்கக் கால்நடை மருத்துவர்கள் மாடு, ஆடு, கோழியில் கைதேர்ந்தவர்கள். கினிப் பன்றி அவர்கள் மேஜைக்கு அபூர்வம். திருப்பதியில் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1955இல் தொடங்கிய கல்லூரி 2005இல் பல்கலைக்கழகமானது. மலையிறங்கி அத்தனை தூரம் போவதைவிடப் பெங்களூர் ஹெப்பாளத்துக் கால்நடைக் கல்லூரி கிட்ட. சாப்பிடுவதை நிறுத்தினால் ஒரு நாளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது, குடல் நின்றுவிடும். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட பெட்டி, உள்ளே ஒரு பிடி கேழ்வரகுத் தாள், தண்ணீர் சிந்தாமலிருக்க வெள்ளரித் துண்டு. பயத்தில் தனியாக நடுங்காமலிருக்க ஜோடியையும் கூடவே வைக்க வேண்டும். காலை ரயிலில் ஜன்னல் வெயில் படாத பக்கம் உட்கார்ந்தால், பங்காரப்பேட்டை வருவதற்குள் பெட்டிக்குள்ளிருந்து மெல்லும் சத்தம் கேட்கிறதா என்று தெரிந்துவிடும்.